பியூஜெட் சவுண்ட் கரைச்சுவர்க் கட்டுப்பாடு

பியூஜெட் சவுண்ட் என்பது அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், பசிபிக் பெருங்கடல் நிலத்துக்குள் புகுந்து கிளைத்துக் கிடக்கும் ஆழமான உள்கடல். சியாட்டில், டகோமா, ஒலிம்பியா நகரங்கள் இதன் கரையில் உள்ளன. ஏறத்தாழ 4,000 கிலோமீட்டர் நீளும் இக்கரையில் கால் பங்குக்கும் மேல் கான்கிரீட்டாலும் பாறையாலும் மரக்கட்டைகளாலும் அடைக்கப்பட்டிருக்கிறது. துறைமுகங்களும் ரயில் பாதைகளும் போக, எஞ்சிய சுவர்கள் பெரும்பாலும் வீட்டுக்காரர்கள் தங்கள் மனை கடலோடு போய்விடாமலிருக்கக் கட்டியவை. மீன்களின் வாழிடம் அழியாதபடி இச்சுவர்களை முறைப்படுத்த மாநில அரசு படிப்படியாக உருவாக்கிய விதிகளே கரைச்சுவர்க் கட்டுப்பாடு.

பனியாறு அரைத்துக் கொட்டிவிட்டுப் போன மணலும் சரளையும் களிமண்ணும் இங்கே கரையோர மேடுகளாக நிற்கின்றன. மழையில் ஊறியும் அலையில் அடிபட்டும் அவை சரிகின்றன. ஆறுகள் கொண்டுவரும் மணலில் பெரும்பகுதி கழிமுகங்களிலும் ஆழ்நீரிலும் தங்கிவிடுவதால், கடற்கரைகளுக்கு இந்தச் சரிவு மண்தான் தீனி. மேட்டின் அடியில் சுவர் எழுப்பினால் அந்த மனை தப்பும்; நீரோட்டம் மண்ணைச் சுமந்து செல்லும் திசையில், வேறொருவர் வீட்டின் முன்னால் கரை மெலியும். சுவருக்கு முன்னாலும் மணல் இறங்கிக் கூழாங்கல் மட்டும் மிஞ்சும். அரிப்பை நோயாகவே பார்த்துப் பழகிய பொறியியல் இங்கே தடுமாறியது வியப்பில்லை.

கடலேற்றத்தின் உச்சியில் மட்டும் நனையும் மேல்கரையில்தான் சேதம் மிகுதி. ஸர்ஃப் ஸ்மெல்ட், சேண்ட் லேன்ஸ் என்னும் இரண்டு சிறு மீன்கள் அங்குள்ள மணலிலும் பொடிச்சரளையிலும் முட்டையிடுகின்றன. சுவரின் அடித்தளம் அந்த இடத்தையே விழுங்கிவிடும். விழுங்காமல் விட்டாலும், கரைமேல் கவிந்திருந்த மரங்களைச் சுவர் கட்டும்போது வெட்டிவிடுவதால் நிழல் போய்ச் சரளை சூடேறி முட்டைகள் காய்கின்றன. 2006இல் வெளியான ஓர் ஆய்வு, மாற்றப்பட்ட கரையில் உயிருள்ள கருக்களின் விகிதம் இயற்கைக் கரையில் காணப்பட்டதில் பாதியளவே இருந்ததாகக் கண்டது. இச்சிறு மீன்களைச் சினூக் சால்மன் தின்கிறது. சால்மனை ஓர்க்கா திமிங்கிலம் தின்கிறது. பியூஜெட் சவுண்டின் சினூக் 1999இலும், அங்கு வாழும் ஓர்க்காக் கூட்டம் 2005இலும் மத்திய அரசின் அழிவாபத்துப் பட்டியலில் சேர்க்கப்பட்டன. இவ்வளவு சிறிய மீன் இடும் முட்டைக்காகச் சட்டம் இவ்வளவு மெனக்கெடுவதற்குக் காரணம் இந்தச் சங்கிலி.

சட்டத்துக்கு முதல் தடை அரசே வைத்ததுதான். 1889இல் மாநிலமான வாஷிங்டன், கடலேற்றத்தில் மூழ்கி எழும் நிலத்தை 1971 வரை தனியாருக்கு விற்றுவந்தது. அதனால் ஊர்ப்பொதுவாக இருந்திருக்க வேண்டிய கரைகளில் பெரும்பகுதி இன்று பட்டா நிலம். 1943இல் வந்த நீரியல் சட்டம், நீரிலும் நீரோரத்திலும் செய்யும் வேலைகளுக்கு மீன்வளத் துறையின் அனுமதியைக் கட்டாயமாக்கியது. 1971இன் கரையோர மேலாண்மைச் சட்டம், கடலிலிருந்து ஏறத்தாழ 60 மீட்டர் வரையுள்ள நிலத்தைத் திட்டமிடும் பொறுப்பை உள்ளாட்சிகளிடம் தந்தது. ஆனால் தனி வீட்டைக் காக்கும் ‘வழக்கமான’ சுவருக்குப் பெரிய அனுமதி தேவையில்லை என்று அதே சட்டம் விலக்கும் அளித்தது. நீரியல் சட்டத்திலும் வீட்டுச் சுவர்களுக்கென்று தனிச் சலுகை பின்னர் நுழைந்தது. ஓட்டைகளோடு பிறந்த விதி எப்படி வேலை செய்யுமோ அப்படித்தான் வேலை செய்தது.

அந்தத் தனிச் சலுகையை 2019இல் சட்டமன்றம் நீக்கியது. விதிமீறலுக்கான அபராதத்தை 10,000 டாலர் வரை உயர்த்தியது. அதைவிட முக்கியமானது 2021இன் திருத்தம். அதுவரை கவனமெல்லாம் புதுச் சுவர்கள் மீதே இருந்தது. உண்மையில் சிக்கல் பழைய சுவர்களில் இருந்தது: ஒவ்வொன்றும் சில பத்தாண்டுகளில் இற்றுப்போகும், அதே இடத்தில் மறுபடி எழும்பும், கரைக்கு விடுதலையே கிடைக்காது. இப்போது பழைய சுவரை மாற்ற விரும்புவோர், தொழில்நுட்ப அளவில் சாத்தியமான வழிகளில் வாழிடத்துக்கு மிகக் குறைந்த கேடு செய்வதையே தேர்ந்தெடுக்க வேண்டும். சுவரை எடுத்துவிட்டுக் கரையை மீட்பது முதல் தெரிவு. மரத்தடிகளும் சரளையும் இட்டு மென்மையாகத் தாங்குவது, நிலத்தின் பக்கம் தள்ளிக் கட்டுவது ஆகியவை அடுத்து வரும். பழைய தடத்திலேயே கல்லடுக்குவது கடைசி.

1850களின் ஒப்பந்தங்களால் மீன்பிடி உரிமை பெற்ற பழங்குடியினர், 1974இல் நீதிபதி போல்ட் அளித்த தீர்ப்புக்குப் பின் மீன்வளத்தின் இணை மேலாளர்கள். ஆகவே வாழிடக் கேடு அவர்களுக்கு உரிமைப் பிரச்சினையும்கூட. வீட்டுக்காரர்களிடம் அபராத மிரட்டல் மட்டும் போதாது என்பதால், ‘ஷோர் ஃபிரண்ட்லி’ திட்டத்தின்கீழ் அவர்களுக்கு இலவச ஆலோசனையும் சில மாவட்டங்களில் மானியமும் தரப்படுகின்றன. பல வீடுகள் சுவரில்லாமலே நிற்கும், கூரைநீரை மேட்டில் விடாமல் வழிமாற்றினாலே பாதி வேலை முடிந்துவிடும் என்பது ஆய்வுக்கு வரும் நிபுணர்கள் பலமுறை சொல்வது.

நகர நடுவில் சுவரை எடுக்க முடியாது. சியாட்டிலின் எலியட் விரிகுடாவில் 2017இல் முடிந்த புதுக் கடற்சுவரின் முகத்தில் பாசியும் சிற்றுயிர்களும் ஒட்டுவதற்கு மேடுபள்ளங்களும் தட்டுகளும் அமைத்தார்கள். இருளுக்கு அஞ்சி ஒதுங்கும் சால்மன் குஞ்சுகளுக்காக, மேலே உள்ள நடைபாதையில் ஒளி ஊடுருவும் கண்ணாடித் துண்டுகள் பதிக்கப்பட்டன.