நெல்லிக்கனியும் ஒரு செம்பு தண்ணீரும்

பிள்ளைகளுக்கு அரையாண்டுப் பரீட்சை முடிந்ததும் வீட்டிலுள்ள பெரியவர்களுக்குப் பரீட்சை ஆரம்பமாகிவிடுகிறது. "எங்கே போகலாம்?" என்ற ஒரே கேள்விதான், ஆனால் அதற்கு விடை சொல்லாமல் தப்ப முடியாது. போன மார்கழியில் என் மனைவி மூன்று நிபந்தனைகள் விதித்தாள். இரண்டு நாளில் திரும்பிவிட வேண்டும். குளிக்க நல்ல தண்ணீர் இருக்க வேண்டும். வாய்க்கு ருசியாகச் சாப்பாடு கிடைக்க வேண்டும். "நடுவில் உங்கள் சரித்திரம் வரக்கூடாது" என்று நாலாவதாக ஒன்றும் சொன்னாள். அது மட்டும் என் காதில் சரியாக விழவில்லை. "ஒகேனக்கல்" என்றேன். பேரன் குதித்தான். விஷயம் முடிவாகிவிட்டது.

குடும்பத்தோடு கட்டுச்சோறு கட்டிக்கொண்டு ஒரு நாள் வெளியே போய் வருவதை ஏதோ மோட்டார் கார் காலத்து நாகரிகம் என்று சிலர் நினைக்கிறார்கள். ஆடிப் பதினெட்டாம் நாள் நம் பாட்டிமார்கள் என்ன செய்தார்கள்? புளியஞ்சாதமும் தேங்காய்ச் சாதமும் தயிர்ச் சாதமும் கிளறி எடுத்துக்கொண்டு, வண்டி பூட்டி, காவேரிக் கரைக்குப் போய், குளித்து, கும்பிட்டு, வயிறாரச் சாப்பிட்டுவிட்டுத் திரும்பினார்கள். ஆற்றங்கரைப் பிரயாணம் நமக்குப் பரம்பரைச் சொத்து. அதற்குச் சுற்றுலா என்று பெயர் வைத்தது மட்டுமே புதிது.

சேலத்தில் ரயிலை விட்டு இறங்கி, வாடகைக் கார் அமர்த்திக்கொண்டு, தொப்பூர்க் கணவாயைத் தாண்டினோம். தர்மபுரிக்குச் சில மைல் முன்னால் அதியமான்கோட்டை வந்தது. சாலையோரம் ஒரு சாக்கின்மேல் நெல்லிக்காய் குவித்து வைத்திருந்தார்கள். நான் வண்டியை நிறுத்தச் சொன்னேன். மனைவி என் முகத்தைப் பார்த்தாள். நாலாவது நிபந்தனை அந்த இடத்தில் உடைந்தது.

வேறென்ன செய்வது? அதியமான்கோட்டையில் நெல்லிக்காய் விற்றால், எழுதிப் பிழைக்கிறவன் எப்படி வாயை மூடிக்கொண்டிருப்பான்? தர்மபுரிக்குப் பழைய பெயர் தகடூர். அதன் அரசன் அதியமான் நெடுமான் அஞ்சி. உண்டவரை நெடுங்காலம் வாழவைக்கும் அரிய நெல்லிக்கனி ஒன்று அவனுக்குக் கிடைத்தது. அதன் பெருமையைச் சொல்லாமலே ஔவைக்கு உண்ணக் கொடுத்துவிட்டான். புறநானூற்றில் ஔவை பாடிய இந்தச் செய்தியைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள்கூட அறிவார்கள். அதே ஔவை அவன் விருந்தோம்பலையும் பாடியிருக்கிறாள். எத்தனை நாள் அடுத்தடுத்துப் போனாலும், எத்தனை பேரைக் கூட்டிக்கொண்டு போனாலும், முதல் நாள் காட்டிய முகத்தையே அவன் காட்டுவானாம். மூன்றாம் நாள் விருந்தாளியைப் பார்க்கும்போது நம் முகம் எப்படி இருக்கிறது என்பதை நாம் கண்ணாடியில் பார்த்துக்கொள்ளாமல் இருப்பதே நல்லது.

இதெல்லாம் புலவர் வாக்கு, பாட்டுக்காகப் புனைந்தது என்று சந்தேகப்படுகிறவர்களுக்கு ஒரு கல் பதில் சொல்கிறது. அசோகனுடைய கல்வெட்டில் சோழர், பாண்டியர், கேரளபுத்திரர் ஆகியோருடன் 'சத்தியபுத்திரர்' என்ற ஒரு மரபும் வருகிறது. அவர்கள் யார் என்று அறிஞர்கள் வெகு காலம் வாதாடினார்கள். 1981-ல் திருக்கோவலூர் வட்டத்து ஜம்பைக் குன்றில் ஒரு தமிழ் பிராமிக் கல்வெட்டு கண்டெடுக்கப்பட்டது. சத்தியபுத்திரனாகிய அதியமான் நெடுமான் அஞ்சி கொடுத்த பாளி, அதாவது முனிவர் தங்கும் குகை இருப்பிடம் என்று அது கூறுகிறது. வாதம் அடங்கிற்று. கோவலூரை அவன் வென்ற கதையைச் சங்கப் பாட்டு சொல்லும். ஆனால் அந்தப் பக்கத்துக் கல்லில் நமக்குக் கிடைத்திருப்பது வென்ற செய்தி அல்ல, கொடுத்த செய்தி.

அவன் முடிவு துயரமானது. சேரமான் பெருஞ்சேரல் இரும்பொறை படையெடுத்து வந்து தகடூரை அழித்தான். அந்தப் போரைப் பற்றித் 'தகடூர் யாத்திரை' என்று தனி நூலே இருந்தது. நூல் மறைந்து, சில பாடல்களே நமக்கு மிஞ்சின. வென்ற சேரனைப் பாடியவர் அரிசில் கிழார். அந்தப் பாட்டுகள் பதிற்றுப்பத்தில் எட்டாம் பத்தாக இருக்கின்றன. ஆனாலும் இன்று சாலையோரத்தில் நின்று, வென்றவன் பெயர் என்ன என்று கேட்டுப் பாருங்கள். தோற்றவன் பெயரில் ஓர் ஊர் இருக்கிறது; அந்த ஊரில் அரசாங்கம் எழுப்பிய அதியமான் கோட்டமும் இருக்கிறது.

பேரன் ஒரு நெல்லிக்காயைக் கடித்துவிட்டு முகத்தை அஷ்டகோணலாக்கினான். "இதையா தாத்தா அந்த ராஜா பரிசு கொடுத்தார்?" என்றான்.

"கொஞ்சம் பொறு. மேலே தண்ணீர் குடித்துப் பார்" என்றேன். ஆனால் கையிலிருந்த தண்ணீரெல்லாம் தொப்பூரிலேயே தீர்ந்து போயிருந்தது.

தர்மபுரியில் சிற்றுண்டி முடித்து, பாப்பாரப்பட்டி வழியாகப் போனோம். அங்கேயும் நான் இறங்கினேன். இந்தத் தடவை யாரும் ஆட்சேபிக்கவில்லை. சுப்பிரமணிய சிவா உயிர் நீத்த மண் அது. 1908-ல் வ.உ.சி.யோடு ராஜத்துரோகக் குற்றம் சாட்டப்பட்டுச் சிறை புகுந்தார். 1912-ல் தொழுநோயோடு வெளியே வந்தார். நோயைக் காரணம் காட்டி ரயிலில் ஏறக்கூடாது என்று தடுத்தார்கள். மனிதர் கட்டை வண்டியிலும் கால்நடையாகவும் ஊர் ஊராகப் போய்ப் பேசினார். சாதி மத வித்தியாசமில்லாமல் எல்லாரும் வணங்க, பாரத மாதாவுக்கு இந்தப் பாப்பாரப்பட்டியில் ஓர் ஆலயம் எழுப்ப வேண்டும் என்பது அவர் கனவு. 1923-ல் தேசபந்து சித்தரஞ்சன் தாஸ் வந்து அஸ்திவாரக் கல் நாட்டினார். 1925 ஜூனில் தாஸ் காலமானார். ஜூலையில் சிவாவும் போய்விட்டார். அப்போது அவருக்கு வயது 40. ஆலயம் எழும்பவில்லை. அரசாங்கம் அங்கே அவருக்கு மணிமண்டபமும், அவர் கனவு கண்ட மாதாவுக்கு நினைவாலயமும் எழுப்பியது வெகு காலத்துக்குப் பிறகுதான்.

பென்னாகரம் தாண்டி மலைப்பாதையில் இறங்கும்போதே காற்றில் ஈரம் தெரிந்தது. கன்னடத்தில் 'ஹொகே' என்றால் புகை. விழுகிற நீர் புகையாக எழும்புகிற கல்லாகையால் அது ஒகேனக்கல். பாறைகளின் நடுவே காவேரி பத்துப் பன்னிரண்டு கிளைகளாகப் பிரிந்து, ஒவ்வொன்றும் தனக்குப் பிடித்த இடத்தில் குதிக்கிறது. எண்ணெய் தேய்த்துவிடும் ஒருவரிடம் என் முதுகை ஒப்படைத்தேன். அவர் அதை வண்ணான் துணியைப் போல் நடத்தினார். பிறகு அருவியின் கீழே போய் நின்றபோது, வயதில் பாதி கழன்று ஆற்றோடு போய்விட்டதாகவே தோன்றியது. பரிசலில் போகும்போது பரிசல்காரர் அதை ஒரு சுழற்று சுழற்றினார். பேரன் சிரித்தான், என் மனைவி முருகனைக் கூப்பிட்டாள்.

ஒகேனக்கல்லில் சாப்பாட்டு முறையே தனி. மீனை நாம் வாங்கிக் கொடுத்துவிட்டால், அங்குள்ள பெண்கள் அம்மியில் மசாலை அரைத்து, விறகடுப்பில் குழம்பும் வறுவலும் செய்து தருவார்கள். எங்களுக்குச் சமைத்தவள் அறுபது வயதிருக்கக்கூடிய ஒரு அம்மாள். நல்ல பேச்சு, ஆனால் சிரிக்கும்போதெல்லாம் முந்தானையால் வாயை மறைத்துக்கொண்டாள். மறைத்தும் தெரிந்தது. பற்களில் பழுப்பு நிறத்தில் கறை படிந்திருந்தது.

எனக்கு ஒரு பழைய நினைவு வந்தது. 1978-ல் புதிதாகக் கலியாணமாகி நாங்கள் இருவரும் இதே இடத்துக்கு வந்திருந்தோம். அப்போது வழியில் பார்த்த ஜனங்களில் பலருக்கு இந்தக் கறையைக் கண்டு, "இந்தச் சீமையில் எல்லாரும் புகையிலை போடுகிறார்கள் போலிருக்கிறது" என்று சொல்லிச் சிரித்தேன். ஊர் திரும்பியதும் அதை ஒரு கதையில் ஹாஸ்யமாகவும் எழுதினேன்.

பேரன் அந்த அம்மாளையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் தடுப்பதற்குள் கேட்டுவிட்டான்: "பாட்டி, நீங்கள் பல் தேய்க்க மாட்டீங்களா?"

எனக்கு உயிர் போய்விட்டது. அவளோ கோபித்துக்கொள்ளவில்லை. "தேச்சாப் போற கறை இல்ல ராசா. எங்க ஊருக் கிணத்துத் தண்ணி குடுத்தது. சின்னப் புள்ளையில குடிச்சது, சாகிற மட்டும் போகாது" என்றாள்.

அதற்குப் பிறகு எனக்கு மீன் இறங்கவில்லை. இந்த மாவட்டத்து நிலத்தடிப் பாறைகளிலிருந்து கிணற்று நீரில் புளோரைடு கரைகிறது. ஒரு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் அது இருக்கக்கூடாது என்பது கணக்கு. பல் முளைக்கும் பருவத்தில் அளவுக்கு மிஞ்சிக் குடித்தால் பல்லில் கறை ஏறும். ஆண்டுக்கணக்கில் குடித்தால் எலும்பும் மூட்டும் இறுகி, முதுகு வளையும். எல்லையோரத்தில் காவேரி வற்றாமல் ஓடியது. 1934-ல் மேட்டூர் அணை முடிந்து, கீழே தஞ்சை வயல்கள் பயன் பெற்றன. நம்மைப் போன்றவர்கள் வந்து எண்ணெய் தேய்த்து முழுகிவிட்டுப் போனோம். ஆறு ஓடுவது பள்ளத்தில், ஊர்கள் இருப்பது மேட்டில். மேலே இருந்தவர்கள் கிணற்றைக் குடித்தார்கள். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்கு 2008-ல் அடிக்கல் நாட்டினார்கள். ஜப்பானிடம் கடன் வாங்கி, சுமார் 1,900 கோடி ரூபாய் செலவில், 2013-ல் தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்குத் தண்ணீர் ஏற்றினார்கள். சிவாவின் ஆலயம் போலவே இதுவும் நாள் கழித்து வந்ததுதான்.

"இப்போது ஆற்றுத் தண்ணீர் வருகிறதா அம்மா?" என்று கேட்டேன்.

"வருதுங்க ஐயா. ஒரு நாள் முன்னப் பின்ன ஆகும். ஆனா எம் பேத்திக்குப் பல்லு முல்லை அரும்பாட்டம் இருக்குது" என்றாள். அப்போது மட்டும் முந்தானையை எடுக்க மறந்துபோனாள்.

கூலியை எண்ணிக் கொடுத்தேன். பேரன் சாப்பிட்டதற்கு வேண்டாம் என்று இருபது ரூபாயைத் திருப்பிக் கொடுத்தாள். "குழந்தை தின்னதுக்குக் காசா?" என்றாள். தகடூர்ச் சீமையில் அந்த வழக்கம் இன்னும் போகவில்லை போலிருக்கிறது.

பேரன் சட்டைப் பையிலிருந்து பாதி கடித்த நெல்லிக்காயை எடுத்தான். மிச்சத்தையும் தின்று முகத்தைச் சுளித்தான். அந்த அம்மாள் குடத்திலிருந்து ஒரு செம்பு தண்ணீர் மொண்டு கொடுத்தாள். குடித்தான்.

"தாத்தா, தித்திக்கிறது!" என்றான்.

செம்பை வாங்கி நானும் குடித்தேன். நான் நெல்லிக்காய் தின்றிருக்கவில்லை. ஊருக்கு வந்ததும் அந்தப் பழைய கதையைத் தேடி எடுத்து, அந்த இரண்டு வரிகளை அடித்தேன்.