கடலாட்டு மயிலையும் அடையாறும்

குடமுழுக்கு நன்னாளில் வேள்விச்சாலையில் எழுந்தருளுவிக்கப்பெறும் கும்பங்களுக்காக அன்பர்கள் தொலைவிலுள்ள புண்ணிய நதிகளின் நீரைக் கொணர்தல் வழக்கம். கங்கை நீர் வருகின்றது. காவிரி நீர் வருகின்றது. ஆயினும் மயிலைக்குத் தெற்கே இரண்டு கல் தொலைவிற்குள்ளாகவே கடலொடு கலக்கும் அடையாற்றினின்று ஒரு குடம் நீர் முகந்துவர இன்று எவரும் எண்ணார். இந்நிலை எவ்வாறு நேர்ந்தது என ஆராயுமிடத்து, தல வரலாற்றில் பலரும் நோக்காத ஒரு பகுதி புலனாகும்.

திருமயிலை தொன்றுதொட்டே கடற்கரைத் தலம். கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் தாலமி எழுதிய நிலநூல் குறிக்கும் துறைமுகங்களுள் ஒன்று மயிலாப்பூரே என்பர் ஆராய்ச்சியாளர். அம்மை மயிலுருக்கொண்டு இறைவனை வழிபட்டது புன்னை மரத்தடியில். புன்னையோ மணற்பாங்கான கரையில், உப்புக்காற்றைத் தாங்கி வளரும் நெய்தல் நிலத்து மரம். எலும்பைப் பெண்ணுருவாக்கிய பூம்பாவைத் திருப்பதிகத்தில் ஞானசம்பந்தப் பெருமான் மயிலையின் புன்னைச் சோலையையும் தெங்கையும் பாடுகின்றார். ஐப்பசி ஓணம் முதலாகத் திருவிழாக்களை எண்ணி வருகையில் மாசிக் கடலாட்டையும் சேர்த்து, இறுதியில் பெருஞ்சாந்தியைக் கூறி முடிக்கின்றார். பெருஞ்சாந்தி என்பது குடமுழுக்கே எனக் கொள்வாரும் உளர். பழங்கோயில் கடலோரத்தில் இருந்து, போர்ச்சுகீசியர் காலத்தில் அழிவுற்று, பின்னரே இப்போதுள்ள இடத்தில் எழுந்தது என்பது அறிஞர் பலரின் துணிபு. ஆகவே இத்தலத்தின் பெருமையைச் சொல்லப்புகுவோர், மரத்தையும் பறவையையும் உப்பங்கரையையும் விலக்கிச் சொல்லுதல் இயலாது.

அடையாறு மலையிற் பிறந்த ஆறன்று. தாம்பரத்திற்கு மேற்கே ஆதனூர், மணிமங்கலம் முதலிய ஊர்களின் ஏரிகள் நிரம்பி வழியும் நீரே ஆறாகி, ஏறத்தாழ 42 கிலோமீட்டர் ஓடிக் கடலையடைகின்றது. செம்பரம்பாக்கம் ஏரியின் மிகைநீர் திருநீர்மலைக்கு அருகே இதனொடு கூடும். திருமங்கையாழ்வார் அப்பதிக்கு எழுந்தருளியபோது மலையைச் சூழ வெள்ளம் நின்றமையால், அது வடியும்வரை ஆறு திங்கள் காத்திருந்து சேவித்தார் என்பது வரலாறு. அடையாற்றின் மாரிக்கால வெள்ளத்தை அறிந்தவர்க்கு இச்செய்தி புதுமையாகத் தோன்றாது.

ஐப்பசி, கார்த்திகைத் திங்கள்களில் பெருகி, கோடையில் ஒடுங்குவது இதன் இயல்பு. வெள்ளம் தணிந்ததும் கடலலை மணலைக் கொணர்ந்து முகத்துவாரத்தை அடைக்கும். அடுத்த பெருவெள்ளம் அதனை உடைக்கும். பெயர்க்காரணம் எதுவாயினும், அடைபடும் ஆறு என்பது இதற்கு நன்கு பொருந்துகின்றது! 1746-ஆம் ஆண்டு அக்டோபர் 24-ஆம் நாள் நிகழ்ந்த அடையாற்றுப் போரில் பிரெஞ்சுப் படை ஆற்றை நடந்தே கடந்தது. முகத்துவாரம் திறந்திருக்குங்கால் நாளொன்றுக்கு இருமுறை ஓதநீர் உள்ளே ஏறும். உவரும் நன்னீரும் கலக்கும் அவ்விடமே எண்ணிறந்த உயிர்களுக்குத் தொட்டில். இறால் கடலில் முட்டையிடும். அதன் குஞ்சுகள் ஓதத்தொடு ஆற்றினுள் புகுந்து வளர்ந்து மீண்டும் கடலுக்குச் செல்லும். மடவை மீனும் அவ்வாறே வந்து போகும். வாயில் அடைபட்டால் இப்போக்குவரத்து நின்றுவிடும்.

இவ்வுயிர்களைக் கணக்கெடுத்த பெரியோரும் உளர். சென்னையின் நன்னீர் மீன்களைப் பற்றி பி. சுந்தரராஜ் 1916-இல் ஆராய்ச்சிக் குறிப்பு வெளியிட்டார். சென்னையின் உவர்நீர் உயிரினங்களைப் பற்றிய விரிவான கட்டுரையை என்.கே. பணிக்கரும் ஆர். கோபால ஐயரும் 1937-இல் வெளியிட்டனர். அக்கட்டுரை அடையாற்றுக் கழிமுகத்தை உலக அறிவியலார்க்கு அறிமுகம் செய்தது. பணிக்கர் பின்னாளில் கோவாவில் நிறுவப்பெற்ற தேசியக் கடலியல் ஆய்வு நிலையத்தின் முதல் இயக்குநரானார். மயிலையிலேயே வாழ்ந்தவர், நாவலாசிரியர் மாதவையாவின் மைந்தர் மா. கிருஷ்ணன். அவர் 1950 முதல் 1996-இல் மறையும்வரை 'ஸ்டேட்ஸ்மன்' இதழில் காட்டுயிர்களைப் பற்றி இடையறாது எழுதிவந்தார். பேரரசுகள் கோயிற் சுவரில் கல்லெழுத்துப் பொறித்தன. இவர்கள் தாளில் எழுதினர். இரண்டும் சாசனமே.

ஆறு கெட்ட வரலாறு ஒரு நாளில் நிகழ்ந்ததன்று. 1877-78-இல், பெரும் பஞ்சத்தின்போது, ஏழைகளுக்கு வேலையளிக்கும் பொருட்டுக் கூவத்தையும் அடையாற்றையும் இணைத்து மயிலையின் வழியே கால்வாய் வெட்டப்பட்டது. அக்கால ஆளுநர் பக்கிங்ஹாம் கோமகனின் பெயரை அது பெற்றது. விறகும் உப்பும் ஏற்றிய படகுகள் அதில் ஓடின. 1965, 1966-ஆம் ஆண்டுகளின் புயல்களுக்குப்பின் போக்குவரத்து நலிந்தது. இன்று திருமயிலைப் புகைவண்டி நிலையமே அக்கால்வாயின்மேல் தூணூன்றி நிற்கின்றது. மேற்கே, மயிலாப்பூருக்கும் நுங்கம்பாக்கத்திற்கும் நீர் தேக்கிய நீண்ட ஏரியைத் தூர்த்து 1920-களில் தியாகராயநகர் அமைத்தனர். ஏரி போயிற்று, மாம்பலம் கால்வாய் மட்டும் எஞ்சி, நகரின் கழிவைச் சுமந்து அடையாற்றில் விழுகின்றது.

சாக்கடை மிகுந்தால் நீரிலுள்ள பிராணவாயுவை நுண்ணுயிர்கள் உண்டுவிடும். பிராணவாயு அற்ற நீரில் மீன் வாழாது. அழுகல் நாற்றமே எழும். சைதாப்பேட்டைக்குக் கீழே கோடையில் காணப்படுவது இதுவே. 1952-இல் இந்நாட்டிற்குக் கொணரப்பெற்ற ஆப்பிரிக்கத் திலேப்பியா மீன், ஜிலேபிக் கெண்டை என்னும் பெயரொடு, எத்தகைய நீரையும் பொறுத்து நாட்டு மீன்களின் இடத்தைக் கவர்ந்துகொண்டது. கரைகளும் ஒடுங்கின. 2015-ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாள் செம்பரம்பாக்கத்தினின்று விநாடிக்கு 29,000 கன அடி நீர் திறந்துவிடப்பட்டபோது, இடமிழந்த ஆறு கோட்டூர்புரத்திலும் சைதையிலும் இல்லங்களுள் புகுந்தது. பலர் உயிரிழந்தனர். அதனை ஆற்றின் குற்றம் என்பது நேர்மையன்று.

எனினும் கழிமுகம் முற்றும் மாண்டுவிடவில்லை. கடல் அதனைக் கைவிடாமையே காரணம். 1882-இல் தென்கரையில் பிரம்மஞான சபையார் வாங்கிய சோலை இன்றும் குளிர்நிழல் பரப்புகின்றது. குப்பையும் இடிபாடும் குவிந்திருந்த வடபுறத்துச் சிற்றோடைப் பகுதியில் 58 ஏக்கர் நிலம் திருத்தப்பெற்று, அலையாத்தி நடப்பெற்று, 2011-இல் தொல்காப்பியப் பூங்காவாகத் திறக்கப்பட்டது. மார்கழித் திருவாதிரைக்கு அன்பர் திரளும் காலத்தில், 1977-இல் இடிந்த பழைய பாலத்தருகே நின்று நோக்குவோர், வடதுருவத்தை அடுத்த நாடுகளினின்று பறந்துவந்த உள்ளான்கள் சேற்றைத் துழாவக் காணலாம். நாரையும் கூழைக்கடாவும் வருவதுண்டு. ஆலாக்கள் அலைமேல் வட்டமிடும்.

அங்கிருந்து தெற்கே நீளும் மணலில் ஆமைகள் கரையேறுகின்றன. தை முதல் பங்குனிவரை வருதலின் பங்குனி ஆமை என்றே மீனவர் அவற்றை அழைப்பர். 1988 முதல் மாணவர் குழுவினர் இரவுதோறும் கடற்கரையில் நடந்து, முட்டைகளைத் தேடியெடுத்துக் காத்து, பொரித்த குஞ்சுகளைக் கடலில் விட்டு வருகின்றனர். மாடவீதிகளில் அறுபத்துமூவர் உலா முடிந்து விளக்குகள் அணையும் அதே பங்குனி இரவுகளில், ஆற்றுமுகத்திற்கு அப்பால், அவர்கள் மணலைத் தடவிக்கொண்டு நடந்துகொண்டிருப்பர்.