கியூரி தம்பதியின் சைக்கிள் விடுமுறைகள்

ஒரு விஞ்ஞானியின் வாழ்க்கை வரலாறு கையில் கிடைத்தால் நான் முதலில் தேடுவது, அவர் லீவுக்கு எங்கே போனார் என்பதைத்தான். ஆய்வுக்கூடத்தில் என்ன செய்தார் என்று எல்லோரும் எழுதிவிடுவார்கள். மற்றது ஒரு வரியில் முடிந்துவிடும். மேரி கியூரி விஷயத்தில் அந்த ஒரு வரி போதாது என்பது என் எண்ணம்.

மேரி கியூரி என்றதும் நமக்கு ஞாபகம் வருவது ஒழுகும் கொட்டகையும், கொதிக்கும் தாதுவை இரும்புக் கம்பியால் கிளறும் பெண்ணும்தான். அது உண்மைதான். ஆனால் அதே ஆட்கள் 26 ஜூலை 1895 அன்று ஸோ என்ற ஊரில் மதச்சடங்கு இல்லாமல் கல்யாணம் செய்துகொண்டு, உறவினர் ஒருவர் அன்பளிப்பாகத் தந்த பணத்தில் இரண்டு சைக்கிள் வாங்கி, தேனிலவுக்குக் கிளம்பிவிட்டார்கள். சைக்கிளோடு இருவரும் நிற்கும் போட்டோ இன்றும் இருக்கிறது.

அந்தக் காலத்தையும் கொஞ்சம் கவனிக்கணும். முன்சக்கரம் ஆள் உயரத்துக்கு இருந்த பழைய சைக்கிளில் பாவாடை கட்டிய பெண் ஏறுவது நடக்காத காரியம். சமமான இரு சக்கரமும் செயினும் வைத்த வண்டி 1880களில்தான் வந்தது. காற்றடைத்த டயரை டன்லப் கொண்டுவந்தது 1888இல். அதற்குப் பிறகுதான் கரடுமுரடான பாதையிலும் இடுப்பு ஒடியாமல் நாள்கணக்கில் ஓட்ட முடிந்தது. பெரிய வருமானம் இல்லாத ஒரு வாத்தியார் தம்பதிக்கு இது ரயில் டிக்கெட்டும் ஓட்டல் சொகுசும் தேவைப்படாத விடுமுறை.

ஓவெர்ன் மலைகள், செவென் மலைத்தொடர், கடற்கரை, காடுகள் என்று தாங்கள் சுற்றிய இடங்களை மேரியே பின்னாளில் எழுதியிருக்கிறார். 1897இல், பிரசவத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போதுகூட இருவரும் பிரெஸ்த் நோக்கி சைக்கிளில் கிளம்பினார்கள் என்றும், பாதியில் திரும்ப வேண்டியதாயிற்று என்றும் மகள் ஈவ் எழுதிய வாழ்க்கை வரலாறு சொல்கிறது. செப்டம்பரில் மூத்த மகள் ஐரீன் பிறந்தாள்.

இப்போது 1898க்கு வருவோம். பொலோனியம் பற்றிய கட்டுரை ஜூலையில் வந்தது. ரேடியம் பற்றிய அறிவிப்பு டிசம்பர் 26 அன்று. இரண்டுக்கும் நடுவில் ஒரு கோடை விடுமுறை. ஓவெர்ன் பக்கம் ஒரு கிராமத்து வீட்டில். இன்னொரு தனிமம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது லீவா என்று நமக்குத் தோன்றும். அந்த வாரங்களை நான் வேறு மாதிரி பார்க்கிறேன். கதிர்வீச்சு உடலை என்ன செய்யும் என்று அன்றைக்கு யாருக்கும் தெரியாது. தெரியாமலே, கதிர்வீசும் பொருளை விட்டு அவர்கள் விலகியிருந்த நாட்கள் அவை.

பியர் 1906இல் பாரிஸ் தெருவில் குதிரை வண்டி ஏறி இறந்துபோனார். மேரியின் நடை நிற்கவில்லை. 1911இல் இரண்டாவது நோபல் பரிசும் பத்திரிகைகளின் அவதூறும் ஒன்றாக வந்தன. தொடர்ந்து கடும் நோய், அறுவை சிகிச்சை. தேறிவந்ததும், 1913 கோடையில் சுவிட்சர்லாந்தின் எங்காடின் பள்ளத்தாக்கில், முதுகில் பையோடு மகள்களைக் கூட்டிக்கொண்டு மலை நடை போனார். கூட நடந்தவர் ஐன்ஸ்டைன், தன் மகன் ஹான்ஸ் ஆல்பர்ட்டுடன். கீழே விழும் லிஃப்டில் இருப்பவர்களுக்கு என்ன ஆகும் என்பதே தன் கேள்வி என்று ஐன்ஸ்டைன் அந்த நடையில் சொன்னதாகவும், சின்னவர்கள் சிரித்ததாகவும் ஈவ் எழுதுகிறார். பொதுச் சார்பியல் அப்போது பாதி வழியில் இருந்தது.

கடைசியில் 1934இல், நுரையீரல் நோய் என்று சந்தேகித்த மருத்துவர்கள் மேரியை அனுப்பியதும் மலைக்குத்தான். ஆல்ப்ஸில் சான்செல்மோஸ் சானடோரியம். அங்கே ரத்தப் பரிசோதனையில்தான் கோளாறு ரத்தத்தில் என்று தெரிந்தது. எலும்பு மஜ்ஜையே செயலிழந்திருந்தது. ஜூலை 4 அன்று அங்கேயே இறந்தார்.

நல்ல காற்று பட்டால் உடம்பு தேறிவிடும் என்று அவர் ஆயுசு முழுக்க நம்பினார். பலமுறை தேறியும் இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு கோடை முடிந்ததும் அவர் திரும்பிப் போனது அதே மேசைக்கு. அந்த நாட்களின் ஆய்வுக் குறிப்பேடுகளை இன்றும் ஈயப் பெட்டியில்தான் வைத்திருக்கிறார்கள்.