ஆசியான் ஒப்பந்தம் இருந்தும் புகைமூட்டம் ஏன் திரும்பத் திரும்ப வருகிறது?

சில வாரங்கள் சரியாக மழை பெய்யாமல், காற்றும் சுமத்ரா பக்கமிருந்து வீசினால் போதும். பிஎஸ்ஐ எவ்வளவு என்று கைத்தொலைபேசியில் பார்க்கும் பழக்கம் தானாக வந்துவிடும். ஜன்னலைச் சாத்துவோம். திடல் பயிற்சியைத் தள்ளிப்போடுவோம். பழைய முகக்கவசங்களைத் தேடுவோம்.

இதைத் தடுக்க ஆசியான் நாடுகள் ஒப்பந்தம் போட்டு இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. அப்புறம் ஏன் புகை வருகிறது?

எரிவது மரமா, மண்ணா?

காட்டுத் தீ என்றதும் மரங்கள் கொழுந்துவிட்டு எரியும் காட்சிதான் நம் மனத்தில் வரும். ஆனால் நம் வட்டாரத்தில் அடர்த்தியான புகையைக் கிளப்புவது பெரும்பாலும் மண்.

சுமத்ரா, கலிமந்தான், மலேசியாவின் சில பகுதிகள் ஆகிய இடங்களில் சதுப்புக் காடுகள் உள்ளன. அங்கே தண்ணீரில் விழும் இலையும் கிளையும் முழுசாக மக்காது. ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக அப்படியே சேர்ந்து சேர்ந்து ஒருவகை மண்ணாகிவிட்டது. ஆங்கிலத்தில் பீட், மலாயில் தானா கம்புட். சில இடங்களில் அதன் ஆழம் 10 மீட்டரைத் தாண்டும். கிட்டத்தட்ட மூன்று மாடி உயரம்!

ஈரமாக இருக்கும்வரை அந்த மண் எளிதில் தீப்பிடிக்காது. ஆனால் அங்கே செம்பனையோ காகிதத்துக்கான மரமோ நட வேண்டும் என்றால், முதலில் கால்வாய் வெட்டித் தண்ணீரை வடிக்க வேண்டும். தண்ணீர் வடிந்ததும் அது மண் இல்லை, காய்ந்த விறகு. நிலத்தைச் சுத்தம் செய்ய ஆகக் குறைந்த செலவில் கிடைக்கும் கருவியோ தீ. அப்படி வைத்த தீ, மேலே அணைந்தமாதிரி தெரிந்தாலும் அடியில் வாரக்கணக்கில் புகையும். ஹெலிகாப்டரில் தண்ணீர் கொட்டினாலும், கடைசியில் அதை அணைப்பது பெரும்பாலும் மழைதான். எல் நினோ ஆண்டுகளில் அந்த மழையும் தாமதமாகும்.

ஒப்பந்தம் என்ன சொல்கிறது?

1997, 1998ஆம் ஆண்டுகளின் மோசமான புகைமூட்டத்துக்குப் பிறகு, 2002 ஜூன் 10ஆம் தேதி கோலாலம்பூரில் கையெழுத்தானது எல்லை தாண்டிய புகைமூட்டத் தூய்மைக்கேடு பற்றிய ஆசியான் ஒப்பந்தம். அடுத்த ஆண்டே அது நடப்புக்கு வந்தது. ஆனால் தீ அதிகம் மூளும் இந்தோனேசியாவின் நாடாளுமன்றம் அதற்கு ஒப்புதல் தந்தது 2014இல்தான். பத்து நாடுகளில் கடைசி நாடு.

கண்காணிக்க வேண்டும், தடுக்க வேண்டும், தகவல் பகிர வேண்டும், தேவைப்பட்டால் உதவ வேண்டும். இவ்வளவும் அதில் உண்டு. மீறினால் தண்டனை? கிடையாது. கருத்து வேறுபாட்டைப் பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டும். தீயணைப்பாளர்களை அனுப்பவும் அந்த நாட்டின் சம்மதம் வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர் குப்பையை எரித்தால், வேலி தாண்டிக் குதித்து அணைக்க முடியாது, இல்லையா? கதவைத் தட்டி 'உதவி வேண்டுமா' என்று கேட்கலாம். அவ்வளவுதான்.

2013 ஜூனில் சிங்கப்பூரில் பிஎஸ்ஐ 401ஐத் தொட்டது. ஜொகூரின் மூவாரில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 700ஐத் தாண்டி, அவசரநிலை அறிவிக்கப்பட்டது. தீ எங்கே எரிகிறது என்பதைத் துணைக்கோளம் காட்டிவிடும். அது யாருடைய நிலம் என்பதுதான் சிக்கல். அதே ஆண்டு ஆசியான் தலைவர்கள் நில உரிமை வரைபடங்களைப் பகிர ஒப்புக்கொண்டார்கள், ஆனால் அரசாங்கங்களுக்கு இடையில் மட்டும். பொதுமக்கள் பார்ப்பதற்கு இல்லை.

சிங்கப்பூர் 2014இல் தனிச் சட்டம் கொண்டுவந்தது. எல்லைக்கு வெளியே தீ வைத்து இங்கே புகை அனுப்பும் நிறுவனத்துக்கு நாளொன்றுக்கு 100,000 வெள்ளி வரை அபராதம், மொத்தம் 2 மில்லியன் வெள்ளி வரை. ஆனால் ஆதாரமும் ஆளும் எல்லைக்கு அப்பால் இருந்தால் வழக்கு எப்படி நகரும்?

சட்டம் வந்த மறு ஆண்டே, 2015இல், இந்தோனேசியாவில் சுமார் 2.6 மில்லியன் ஹெக்டர் எரிந்தது. சிங்கப்பூரைப்போல் 35 மடங்குக்கும் மேல். நாம் இருமியதைப் பற்றித்தான் அதிகம் பேசினோம். தீக்குப் பக்கத்திலேயே வாழ்ந்த கலிமந்தான், சுமத்ரா மக்கள் சுவாசித்தது அதைவிட மோசமான காற்று.

அப்படியானால் எதுதான் பலன் தருகிறது?

தண்ணீர். 2016 ஜனவரியில் பீட் நிலங்களை மீட்க இந்தோனேசியா தனி அமைப்பு ஒன்றைத் தொடங்கியது. பல இடங்களில் கால்வாய்களுக்குக் குறுக்கே தடுப்பு கட்டினார்கள். நிலத்தடி நீர், மண்ணின் மேல்மட்டத்திலிருந்து 40 சென்டிமீட்டருக்குக் கீழே போகக்கூடாது என்று விதி வந்தது. அறிக்கைகளைவிட இந்த 40 சென்டிமீட்டர் எனக்கு முக்கியமாகப் படுகிறது. அளந்து பார்க்கலாம், ஏமாற்றுவது கஷ்டம்.

சிங்கப்பூரும் 2007இலிருந்து சில ஆண்டுகள் ஜம்பி மாநிலத்துடன் நேரடியாக வேலை செய்தது. தீ வைக்காமல் விவசாயம் செய்ய அங்கே பயிற்சி தரப்பட்டது.

மலேசியாவில், சிலாங்கூரின் ராஜா மூசா காட்டில் கால்வாய்களை அடைத்து, சுற்றுவட்டார மக்களோடு சேர்ந்து மரம் நடுகிறார்கள். அதே மாநிலத்தின் கோலா லங்காட் வடக்கு பீட் காட்டில் ஒரு பகுதி 2021இல் பாதுகாப்புப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. ஓராங் அஸ்லி மக்களும் சுற்றுச்சூழல் அமைப்புகளும் விடாமல் எதிர்த்தார்கள். அந்த ஆண்டு செப்டம்பரில் மாநில அரசாங்கம் முடிவை மாற்றிக்கொண்டது.

கடையில் நீங்கள் வாங்கும் பிஸ்கட், சோப்பு, உடனடி மீ எல்லாவற்றிலும் செம்பனை எண்ணெய் இருக்கலாம். பொட்டலத்தில் ஆர்எஸ்பிஓ முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். 2018இல் மாற்றிய விதிகளின்படி அதன் உறுப்பினர்கள் பீட் நிலத்தில் புதிதாக நடக்கூடாது. எங்கே எரிகிறது என்று தெரிய வேண்டுமா? சிங்கப்பூரிலிருந்து செயல்படும் ஆசியான் சிறப்பு வானிலை நிலையத்தின் இணையத்தளத்தில் வெப்பப் புள்ளிகளின் வரைபடம் இருக்கிறது. யாருடைய நிலம் என்று மட்டும் அதில் இருக்காது.