பொடி கொன்ட்ரோல் மொடியூல்

வேன், லொறி முதலிய வாகனங்களில் விளக்கு, வைப்பர், ஹோர்ன், கதவுப் பூட்டு, மின்கண்ணாடி ஆகியவற்றை இயக்கும் மின்னணு அலகு. எஞ்சினை ஆளும் கணினியிலிருந்து வேறானது; பெரும்பாலும் டாஷ்போர்டின் அடியில் பியூஸ் பெட்டியை ஒட்டி இருக்கும். பொஷ் நிறுவனம் 1986இல் அறிமுகப்படுத்திய கேன் வலையமைப்பின் வழியே பல வாகனங்களில் இது ஏனைய அலகுகளுடன் தொடர்புகொள்கிறது.

பழுதின் அறிகுறிகள்: வைப்பர் தானே ஓடுதல், விளக்கு அணையாமை, நிறுத்திய வண்டியில் பற்றரி இறங்குதல். கேகாலை மாவட்டத்து ருவான்வெல்லை போன்ற ஈரவலய ஊர்களில், தென்மேல் பருவமழையின் ஈரம் கனெக்டர்களில் களிம்பு பிடிக்கச் செய்தாலும் இதே அறிகுறிகள் தோன்றும். எனவே பியூஸ், எர்த், கனெக்டர், பற்றரி வோல்ட் ஆகியவற்றை முதலில் சோதிக்க வேண்டும்.

மாற்றும்போது பற்றரியின் மறை முனையைக் கழற்றி, அதே பாக இலக்கமுள்ள அலகைப் பொருத்துவர். கொழும்பு பஞ்சிகாவத்தையில் பழைய உதிரிப்பாகங்கள் கிடைக்கும். ஆயினும் பல மாடல்களில் ஸ்கேனர் மூலம் வாகன அடையாள எண்ணையும் அமைப்புகளையும் பதிந்து, தேவைப்பட்டால் சாவியையும் மீளப் பதியாவிட்டால் பொருத்திய அலகு முழுமையாக இயங்காது.