வைசாலி குகை பிறந்த கதை

பெயரைக் கேட்டால் புராண காலத்துக் குகை என்று தோன்றும். ஆனால் கேரளத்தின் இடுக்கி அணைக்கு அருகிலுள்ள வைசாலி குகைக்கு வயது அரை நூற்றாண்டுக்குக் கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான். குறவன், குறத்தி மலைகளுக்கு நடுவே, சுமார் 169 மீட்டர் உயரத்தில் வில்லாக வளைந்து நிற்கும் அணையின் கட்டுமானம் 1969இல் தொடங்கியது. அந்த வேலைக்காகப் பாறையைக் குடைந்த சுரங்கவழி இது. 1976இல் மின் உற்பத்தி தொடங்கிய பிறகு இதற்கு வேலையில்லாமல் போனது.

அதற்கு மீண்டும் வேலை கொடுத்தவர் மலையாள இயக்குநர் பரதன். தமிழ்நாட்டில் இருக்கும் நமக்கு அவரைப் பொள்ளாச்சி வட்டாரத்தில் எடுத்த 'தேவர் மகன்' வழியாகத்தான் அதிகம் தெரியும். வடக்காஞ்சேரிக்காரர். சித்திரம் படித்தவர். கலை இயக்குநராகச் சினிமாவுக்குள் வந்து, 1975இல் 'பிரயாணம்' படத்தின் மூலம் இயக்குநர் ஆனார். எடுக்கப்போகும் காட்சியை முதலில் கோடுகளாக வரைந்து பார்ப்பது அவர் வழக்கம்.

எம்.டி. வாசுதேவன் நாயர் எழுத, மது அம்பாட் ஒளிப்பதிவில் 1988இல் வந்தது அவருடைய 'வைசாலி' படம். மழை பொய்த்த அங்க நாடு. பெண்ணையே பார்த்திராத இளம் முனிவர் ரிஷ்யசிருங்கனை அழைத்து வந்தால் மழை பெய்யும் என்று, தாசி மகள் வைசாலியைக் காட்டுக்கு அனுப்புகிறார்கள். மகாபாரதக் கிளைக்கதைதான். ஆனால் கண்ணுக்குச் சொல்ல வேண்டிய கதை. வறண்ட நாடு ஒரு நிறம், முனிவரின் காடு வேறு நிறம் என்று பிரித்துக் காட்டினால்தான், கடைசியில் கொட்டும் மழைக்கு மதிப்பு உண்டு. பரதன் அப்படித்தான் காட்டினார். முனிவரின் உலகத்தைத் தேடி இடுக்கி மலைக்குப் போனார். வெடிவைத்துத் தகர்த்த கரடுமுரடான சுவர், உள்ளே இருட்டு, வாயிலில் மட்டும் வெளிச்சம். பொறியாளர்கள் விட்டுப்போன சுரங்கம் அவர் கண்ணுக்கு ஆதிகாலக் குகையாகப் பட்டது.

படம் ஓடியது. ஊர் மக்களும் பயணிகளும் அந்தச் சுரங்கத்தை வைசாலி குகை என்றே அழைக்க ஆரம்பித்தார்கள்.

இடம் எல்லோருக்கும் தெரிந்த இடம்தான். அதில் எதைப் பார்ப்பது என்று தெரிந்துவைத்திருப்பதே இயக்குநரின் கலை. இடுக்கிக்குப் போவதாக இருந்தால், படத்தை முதலில் பார்த்துவிட்டுப் போங்கள். கையில் டார்ச் இருக்கட்டும்.