கன்ராடும் கோட்டமும்

சேலம் மாவட்டத்து மேச்சேரியில் ஒரு டிவிஎஸ் ஐம்பதோ ஸ்பிளெண்டரோ அடிவயிற்றிலிருந்து தட்டத் தொடங்கினால், மெக்கானிக் ஆக்சிலேட்டரை இரண்டு முறை முறுக்கிப் பார்த்துவிட்டு, "கன்ராடு போயிருச்சுங்க" என்பார். வண்டிக்காரருக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படாது. இன்ஜினை இறக்க வேண்டும், லேத்துக்குப் போக வேண்டும், இரண்டு மூன்று நாள் பேருந்துதான்.

கனெக்டிங் ராடு என்ற நீண்ட பெயரை ஆங்கிலேயரே 'கான்ராட்' என்று தறித்துவிட்டார்கள். நம் பட்டறை முதலெழுத்தைக் குறுக்கி, ஈற்றில் ஓர் உகரம் சேர்த்துக்கொண்டது. னகர மெய்யை அடுத்து ரகரம் வருவது தமிழ் இலக்கணத்துக்கு ஒவ்வாது. பட்டறைக்கு அந்தக் கவலை இல்லை. கனெக்ட் என்பதன் வேர் இலத்தீனின் 'நெக்டெரே', முடிச்சிட்டுக் கட்டுதல். ராட் என்றால் கழி. ஆகக் கட்டும் கழி. மேலும் கீழுமாக ஓடும் பிஸ்டனை, வட்டமாகச் சுற்றும் கிராங்கோடு கட்டிவைப்பது அது. அகராதிக்காரர்கள் இதை அப்படியே பெயர்த்து 'இணைப்புத் தண்டு' என்றார்கள். பிழையில்லை, ஆனால் உயிரும் இல்லை. இரண்டு கம்பத்தை இணைக்கும் எந்தக் குழாயும் இணைப்புத் தண்டுதான்.

ஜெர்மானியர் இதே உறுப்பை 'புளொய்ல்' என்கிறார்கள். துணி வெளுக்கும்போது அடிக்கப் பயன்படும் மரக்கட்டைக்கு அவர்கள் மொழியில் இருந்த பெயரின் திரிபு அது. அதன் தலையில் உட்காரும் பிஸ்டனும் அடுக்களைச் சரக்கே. இத்தாலிய மொழியில் 'பிஸ்தோனே' என்றால் பெரிய உலக்கை. அது பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய், அங்கிருந்து ஓமலூர் சாலைக் கடைகளுக்கு வந்தது. சேலத்துக் கலைச்சொல்லாளர் எவரேனும் துணிந்து பிஸ்டனை உலக்கை என்று எழுதியிருந்தால் சிரித்திருப்போம். இத்தாலியர் சிரிக்கவில்லை.

பெயரைவிடக் கருவி மிகப் பழையது. துருக்கியின் ஹிரப்போலிஸ் நகரில் கி.பி. 3ஆம் நூற்றாண்டுக் கல்லறைப் பேழை ஒன்றில், நீர்ச்சக்கரத்தால் ஓடும் கல்லறுக்கும் ஆலை செதுக்கப்பட்டிருக்கிறது. கிராங்கும் அதோடு சேர்ந்த தண்டும் அதில் உண்டு. அங்கே சுழற்சி தண்டு வழியாக முன்பின் ஓட்டமாக மாறியது. நம் வண்டியில் ஓட்டம் சுழற்சியாகிறது. அந்தப் பழைய ஏற்பாட்டைத் தலைகீழாக்கி நீராவிக்குப் பூட்டப் போனபோதுதான் சிக்கல் வந்தது. 1780இல் ஜேம்ஸ் பிக்கார்ட் நீராவி எந்திரத்தில் கிராங்கைப் பயன்படுத்தக் காப்புரிமை வாங்கிவிட, ஜேம்ஸ் வாட் அதைச் சுற்றிக்கொண்டு போகப் பல்சக்கர ஏற்பாடு ஒன்றைச் செய்ய வேண்டியதாயிற்று.

கிராங்க் என்பதன் பழைய ஆங்கிலப் பொருள் வளைந்தது. (கிறுக்கனைக் 'கிராக்கு' என்கிறோமே, அது வேறு, விரிசல் என்ற 'கிராக்'கிலிருந்து வந்தது.) கலைச்சொல் அகராதிகளில் இதற்கு 'வணரி' என்ற சொல் உண்டு. சங்கப் பாடல்களில் யாழின் வளைந்த கோட்டுக்கும் சுருண்ட கூந்தலுக்கும் வரும் 'வணர்' என்பதிலிருந்து எடுத்தது. இணைப்புத் தண்டைவிட நூறு மடங்கு மேலான ஆக்கம். ஆனால் எந்தக் கடையிலும் ஒருவரும் வணரி என்று சொல்வதில்லை. வளைவுக்குப் பட்டறையிடம் ஏற்கெனவே ஒரு சொல் இருந்ததும் அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம்.

அந்தச் சொல் 'கோட்டம்'. சைக்கிள் கடையில் சக்கரம் ஆடினால் கோட்டம் எடுப்பார்கள். கோடுதல் என்றால் வளைதல். குறளின் நடுவு நிலைமை அதிகாரத்தில் கோட்டமும் செப்பமும் எதிரெதிராக நிற்கின்றன. அந்தச் செப்பத்திலிருந்துதான் 'செப்பனிடு' வருகிறது. வள்ளுவர் கோட்டமும் மேட்டூர் வருவாய்க் கோட்டமும் வேறு பொருள். அவை இடத்தைக் குறிப்பவை.

கன்ராடு மாற்றும் வேலையில் பாதி, கோட்டம் எடுப்பதுதான். ஒற்றைச் சிலிண்டர் வண்டிகளில் பெரும்பாலும் கன்ராடு ஒரே துண்டு. போல்ட் கழற்றி எடுக்க முடியாது. இரு கிராங்க் தட்டுகளுக்கும் நடுவே கிராங்க் 'பின்' இறுகப் பொருந்தியிருக்கும். அதை ஹைட்ராலிக் பிரஸ்ஸில் தள்ளினால்தான் தட்டுகள் பிரியும். புதிய ராடு, பின், ரோலர் பேரிங், வாஷர் எல்லாம் கிட்டாகவே கிடைக்கின்றன. எண்ணெய் விட்டு மாட்டி, மறுபடி அழுத்தியதும் கிராங்கின் இரண்டு முனைகளையும் தாங்கலில் வைத்து, டயல் கேஜை ஒட்டிச் சுற்றிப் பார்ப்பார் லேத்துக்காரர். முள் அசைந்தால் செம்புச் சுத்தியலால் ஒரு தட்டு, மறுபடி சுற்று, மறுபடி தட்டு. மில்லிமீட்டரில் நூறில் சில பங்குக்குள் முள் அடங்கும்வரை இது நடக்கும். வளைவாகவே பிறந்த கிராங்கில், வேண்டாத வளைவை மட்டும் எடுக்கும் வேலை. பழைய வார்ப்பிரும்பு புல்லட்டில் பின்னை நட் போட்டு இறுக்கியிருப்பார்கள், ரோலருக்குப் பதில் மிதக்கும் புஷ். அதற்கென்றே கைதேர்ந்தவர்கள் தனி.

ராடைக் கையில் பிடித்து மேலும் கீழும் அசைத்தால் அசையவே கூடாது. பக்கவாட்டில் மட்டும் கொஞ்சம் அசைவு வேண்டும். தட்டுக்கும் ராடுக்கும் இடையே ஃபீலர் கேஜ் நுழைத்து அளப்பார்கள். இந்த அசைவுக்குப் பெயர் 'ஆட்டம்'. ஆங்கிலேயரும் இதை விளையாட்டைக் குறிக்கும் சொல்லாலேயே சொல்கிறார்கள். யாரும் யாரிடமும் கடன் வாங்கியதாகத் தோன்றவில்லை.

பட்டறை மொழியின் தையல் இங்கேதான் தெரிகிறது. பொருளின் பெயர்கள் கன்ராடு, பிஸ்டன், பேரிங், கிட். அவற்றுக்கு நேரும் கோளாறோ தட்டுது, கடிக்குது, பிடிச்சுக்கிச்சு, உட்காரல, ஆட்டம், கோட்டம். உதிரி உறுப்பு பெட்டியில் பெயரோடு வருகிறது. அதைக் கேட்டு, தொட்டு, தட்டிப் பார்க்கும் அறிவு இங்கேயே இருந்தது. பட்டறை என்பதே கொல்லனின் அடைகல்லைக் குறித்த 'பட்டடை'யின் திரிபு. கிணற்று மேட்டில் ஆயில் இன்ஜின் வந்தபோதும், நாமக்கல்லில் லாரி பெருகியபோதும், 1980இல் ஓசூரிலிருந்து டிவிஎஸ் 50 வந்தபோதும் பெயர்ச்சொற்கள்தாம் வந்து சேர்ந்தன. வினைச்சொற்களுக்கு ஆள் தேட வேண்டியிருக்கவில்லை.

எதிர்த்திசையிலும் ஒரு சொல் போயிருக்கிறது. 1795இல் ஜார்ஜ் பியர்சன் லண்டன் ராயல் சொசைட்டிக்கு எழுதிய கட்டுரையில் இந்திய எஃகை 'வூட்ஸ்' என்றார். கன்னட உக்கு, தமிழ் உருக்கு இவற்றின் சிதைவு அது என்பதே பொதுவான கருத்து. சேலம் வட்டாரத்தின் உருக்கு அன்று பெயர்பெற்றது. இன்று மேச்சேரியை ஒட்டிய பொட்டனேரியில், மேச்சேரிச் செம்மறி ஆட்டு ஆராய்ச்சி நிலையம் இருக்கும் அதே ஊரில், வாகன உறுப்புகளுக்கான கலப்பு உருக்கு உருகிக்கொண்டிருக்கிறது. அது கம்பியாக வெளியூர் போய், அடிபட்டு உருப்பெற்று, பெட்டிக்குள் ஆங்கிலப் பெயரோடு கடைக்குத் திரும்பினால் வியப்பில்லை. அதை மாட்டித் தந்த லேத்துக்காரரின் துண்டுச் சீட்டில் வரிசை இப்படி இருக்கும்: கன்ராடு கிட் ஒன்று, கிராங்க் பிரஸ், கோட்டம் எடுத்த கூலி.